வேம்புலியம்மாளுக்கு வராத சாமி

1971 ஜூன் 14
காலை ரயிலைக் கோட்டைவிட்டு, ஆவடியிலிருந்து பஸ்ஸில் இடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆய்வு முடித்தால்தான் மனநோய் மருத்துவப் பரீட்சையில் உட்கார விடுவார்களாம். 'சாமி வருகிறவர்களுக்கு மாத்திரை' - தலைப்பு புரொபசர் கொடுத்தது. இன்று திருமழிசை வேம்புலியம்மாளை ஆய்வில் சேர்த்துக்கொண்டேன். புருஷன் கன்னியப்பன் அழைத்து வந்தார். "அரிசி களையசொல்லோ வருது, பஸ்சுல வருது. சோறு துன்னாம ஆடிகினே கீறா டாக்டரம்மா." எலும்பும் தோலுமாக இருக்கிறாள். இது நோய்தானே? நோய்தான்.

ஜூலை 5
மூன்று வாரம் மாத்திரை போட்டதில் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். ஆட்டமே இல்லை. அப்பாடா!

ஜூலை 19
ஆடி பிறந்ததும் வம்பும் பிறந்தது. அவர்கள் தெருவில் கூழ் ஊற்றுவதற்கு முன்னால் அம்மன் இவள்மேல் வந்து உத்தரவு கொடுக்க வேண்டுமாம். கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படித்தானாம். "ஆடிக்கு மட்டும் மாத்திரைய நிறுத்திக்கட்டாம்மா?" என்று கேட்டாள். நடுவில் நிறுத்தினால் ஆய்வில் சேராது. வேறு ஆளைத் தேட நேரம் ஏது? "நிறுத்தினா பழையபடி ஆயிடும்" என்று சொல்லிவிட்டேன். ஆகுமா? யார் கண்டது.

ஆகஸ்ட் 1
கூழ் ஊற்றுவதைப் பார்க்கப் போயிருக்கவே கூடாது. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக குவார்ட்டர்ஸில் துணி துவைத்துக்கொண்டு கிடந்திருக்கலாம். பம்பைக்காரர் கை ஓயும்வரை அடித்தார். மஞ்சள் புடவையில் நின்றுகொண்டே இருந்தாள். சாமி வரவில்லை. அண்டாவில் கூழ் ஆறி ஆடை படிந்துவிட்டது. கடைசியில் உத்தரவு இல்லாமலே ஊற்றினார்கள். ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா என்னை உட்டுட்டுப் பூட்டாம்மா" என்று அழுதாள். இவள் குணமாகியிருக்கிறாளா, இல்லையா?

ஆகஸ்ட் 3
புரொபசருக்கு ஒரே சந்தோஷம். "பம்பை அடிச்சும் வரலையா? இதைவிட என்னம்மா வேணும்!"

செப்டம்பர் 9
வாய்மொழித் தேர்வு. வேம்புலியம்மாளைப் பற்றித்தான் கேட்டார்கள். முழு குணமா?
"ஆட்டம் நின்னுடுச்சு சார். ஆனா கூழ் ஊத்தின அன்னிலேர்ந்து அழுதுட்டே இருக்காங்க."
வெளியூர்த் தேர்வாளர் சிரித்தார். "அது வேற நோய். அதுக்கு என்ன மருந்து, எவ்வளவு?"
பிசகாமல் சொன்னேன். பாஸ்.

செப்டம்பர் 13
கன்னியப்பன் அவளைக் கூட்டி வந்தார். உட்கார வைத்தால் உட்காருகிறாள், எழுப்பினால் எழுகிறாள். "இப்போ இன்னாத்துக்கு அழுவுறான்னே தெரியல டாக்டரம்மா" என்றார். எனக்குத் தெரியும். பரீட்சையில் சொன்ன மருந்தையே எழுதிக் கொடுத்தேன்.