இன்றோடு விட்டுவிடச் சொன்னவன்

அண்ணாத்த,

இன்று அலமாரியை ஒழித்தபோது அந்தத் துணிப்படம் கிடைத்தது. நல்ல ஈரல் ஒரு பக்கம், குடித்துக் கெட்ட ஈரல் மறுபக்கம். உங்கள் ஜீப்பின் பெட்ரோல் வாடை இன்னும் அதில் இருப்பதுபோல் பட்டது.

எழுபதுகளில் சாராயக் கடைகளை மறுபடி மூடியிருந்த சமயம். கள்ளச் சாராயத்துக்குக் குறைவில்லை. சுகாதாரத் துறைக்காக ஊர் ஊராகப் போய்க் குடியைப் பற்றிப் பாடம் நடத்துவது என் வேலை. ஜீப் ஓட்டுவது உங்கள் வேலை. சதுரங்கப்பட்டினம் குப்பத்திலும் மாமல்லபுரத்துக் கல் பட்டறைகளிலும் படத்தைத் தூக்கிப் பிடித்ததும் நீங்கள்தான். "மனசு வைத்தால் இன்றைக்கே விட்டுவிடலாம்" என்று நான் முடிப்பேன். கூட்டம் கலைந்ததும் நீங்கள் மறைவாகப் போய்க் குடித்துவிட்டு வருவீர்கள். அப்போதுதான் ஸ்டியரிங்கில் கை நடுங்காது.

"ஊருக்கெல்லாம் சொல்றியே சார், எனுக்கு ஒரு நாளாவது சொன்னியா?" என்று ஒருமுறை கேட்டீர்கள்.

"இன்றோடு விட்டுவிடுங்கள்" என்றேன். விட்டுவிட்டீர்கள்.

மூன்றாம் நாள் காலையில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்களுக்கு வேர்த்துக் கொட்டியது. "சட்ட பூரா எறும்பு ஊருது சார், இன்னா சார் இது?" என்று உதறிக்கொண்டே இருந்தீர்கள். எறும்பு ஒன்றுகூட இல்லை. ஒரு வாய் சாராயம் கொடுக்கட்டுமா என்று உங்கள் மனைவி கேட்டார். நான் தடுத்தேன். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மதியம் வலிப்பு வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் இன்னும் இரண்டு முறை.

"இத்தன வருஷம் குடிச்சவர ஒரேயடியா நிறுத்தச் சொன்னது யாரு? படுக்க வெச்சு மருந்து குடுத்து இல்ல நிறுத்தணும்?" என்றார் டாக்டர், என்னை மட்டும் தனியே அழைத்து. பொழுது சாய்வதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

"குடிச்சிகினு இருந்தப்போ நல்லாத்தான சார் இருந்தாரு?" என்று உங்கள் மனைவி கேட்டார்.

"குடி செய்த கேடும்மா" என்றேன். பாதி உண்மை.

ஓய்வு பெறும்வரை நர்சுகளுக்குப் பாடம் எடுத்தேன். அந்த நடுக்கம் நோய், கோழைத்தனம் அல்ல. குடியை நிறுத்துகிறவனைத் தனியே விடாதீர்கள் என்று சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். யாராவது பிழைத்திருக்கலாம். நீங்கள் பிழைக்கவில்லை.

போன வருஷம் உங்கள் மனைவி படுக்கையில் கிடந்தார். பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது குடிகாரனா சாவல சார். எல்லாம் உன்னாலதான்" என்றார். கண்ணில் அவ்வளவு நன்றி. உண்மையைச் சொல்ல அப்போதும் எனக்கு நா எழவில்லை. மறுவாரம் அவரும் போய்விட்டார். அந்த நன்றியைத் திருப்பிக் கொடுக்க இனி ஆளில்லை, அண்ணாத்த.