கடற்கரைக் கேற்றும் சிவப்புப் பறவையும்

மார்ச் 17, செவ்வாய்

காற்று விழுந்துவிட்டது. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்களில் கடைசி இரண்டு பேரும் காலைப் பஸ்ஸில் போய்விட்டார்கள். இனி மே மாதம் வரை இந்த விடுதியில் நானும் ஒரு நாயும்.

செய்தவை: தொட்டிக்குத் தண்ணீர். மெத்தைகளுக்கு வெயில். சாவிகளுக்கு எண்ணெய் (அறை ஆறு, குசினி, ஜெனரேற்றர், வேலியின் இரண்டு வாசல்கள்: றோட்டுக் கேற்று, கடற்கரைக் கேற்று). முழங்கால் நோ, வழமைபோல.

பத்து மணிக்கு மாடியில் நின்று பார்த்தேன். சவிரியின் ஆட்கள் மீன்பெட்டிகளோடு வேலியைச் சுற்றிப் போகிறார்கள். முன்பு கரைவலை இழுத்த இடத்திலிருந்து லொறி நிற்கிற றோட்டுக்கு நேர்வழி, ஒரு பீடி முடியுமுன் போய்விடலாம். அந்த வழி இப்போது விடுதிக்குள். வேலி வந்தபிறகு ஒன்றரைக் கட்டை (மைல்) சுற்று. போய்ச் சேரும்போது சூடை மீன் வயிறு வெடித்துக் கிடக்கும், பாதி விலை.

சவிரி என் மனைவி ரீற்றாவின் தமையன். முழங்கால் போகும்வரை அவனோடுதான் வலை இழுத்தேன். இங்கே காவலுக்குச் சேர்ந்த நாள் முதல் பேச்சு இல்லை. இன்றும் தலையைத் திருப்பவில்லை. திருப்பினால்தான் அதிசயம்.

மார்ச் 19, வியாழன்

வெயில். முதலாளி அல்போன்ஸ் வந்து நிற்கிறார் (இனி அ. என்று எழுதுகிறேன், முழுப்பெயருக்குக் கை வலிக்கிறது). லண்டனில் இருபது வருடம், இப்போது கொழும்பு, இடைக்கிடை இங்கே.

சாப்பாட்டு மண்டபத்து விளையாட்டுப் பெட்டியைத் துடைக்கச் சொன்னார். அலுமாரி உயரம், முகத்தில் டீவி போல ஒரு திரை, கீழே ஒரு பிடி. அவர் பள்ளிக்கூடம் போன காலத்துச் சாமானாம். உலகத்திலேயே பொல்லாத விளையாட்டு என்று பெயர் எடுத்ததாம். “சுவிச்சை மட்டும் நிப்பாட்டிப்போடாதை. கிழட்டுச் சாமான், பிறகு எழும்பாது.” சோலர் பற்றரியில் ஓடுகிறது, ஊரில் கரண்ட் போனாலும் அதற்குப் போகாது. சும்மா நிற்கும்போதும் தன்பாட்டில் பாட்டு.

பின்னேரம் சவிரி நாலு பேரோடு வந்தான். வழி கேட்க. காலையிலும் பின்னேரத்திலும் ஒரு மணித்தியாலம் கேற்றைத் திறந்துவிட்டால் போதும் என்றான். அ. கதிரையை விட்டு எழும்பவில்லை. பெட்டித் திரையில் நின்ற எண்பட்டியலைக் காட்டினார்.

“அங்க பாருங்கோ, மேல முதலாவது ஆள் ஆர்? மூண்டு ஏ. அல்போன்ஸ்ட ஏ. ஐம்பதாயிரம். நான் அடிச்சது. உங்கட தியோகு என்னை முந்தட்டும், கேற்றைத் திறந்து விடுறன்.”

தியோகு என்றது என்னை. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான், வெட்கமில்லாமல். சவிரி சிரிக்கவில்லை.

“ஐயா சொன்னாச் சொன்னது தானே?”

“ஓம், சொன்னாச் சொன்னது.”

சவிரி என்னைப் பார்த்தான். “கேட்டனி தானே மச்சான்.” நாலு மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசிய பேச்சு அவ்வளவும்தான்.

மார்ச் 20, வெள்ளி

அ. கொழும்புக்கு. உயிர்ப்பு ஞாயிறுக்கு வருவாராம்.

ஐம்பத்திரண்டு வயதில் முதல் விளையாட்டு. ஒரு சின்ன மனிதன், கையில் கேடயம், உடைந்த பாலம். மேலே பறவைகள். தொட்டால் கேடயம் போகும், இன்னொருதரம் தொட்டால் ஆள் போவான். மூன்று உயிர். நான் பிடியைப் பிடித்து, எது எதற்கு என்று பார்ப்பதற்குள் மூன்றும் முடிந்தது. எண்: 200. அதுவும் பாலத்தில் நின்றதற்கு இரக்கப்பட்டுத் தந்தது போல.

பதினேழு தரம். கூடியது 1,100.

மார்ச் 22, ஞாயிறு

பூசை. பேசாலைச் சந்தையில் ரீற்றாவுக்குச் செருப்பு. வந்து பெட்டி. 3,400.

பெருவிரலில் கொப்புளம். சாம்பல் பறவைகள் நேரே வரும், அவற்றுக்குத் தப்பலாம். சிவப்புப் பறவை ஒன்று இருக்கிறது. அது வருகிற வழிக்கு ஒரு நியாயமும் இல்லை. சாகும்போது ஒரு சின்ன இசை போடுகிறான் பெட்டிக்காரன். நித்திரையிலும் கேட்கிறது.

பட்டியலில் அ.வுக்குக் கீழே பீ பீ பீ நாற்பதாயிரம், சீ சீ சீ முப்பதாயிரம். சிநேகிதர்களாம். எல்லாம் பூச்சியத்தில் முடிகிற ஒழுங்கான எண்கள். லண்டன்காரர் சாவதிலும் ஒழுங்கு.

மார்ச் 24, செவ்வாய்

புழுக்கம். 4,000க்கு மேல் ஏறவில்லை. கதிரையால் ஓங்கி ஒன்று கொடுக்கலாம் போல இருந்தது. கதிரையும் அவருடையது.

ரீற்றா: “இஞ்சாருங்கோ, அந்தாள் பகிடிக்குச் சொன்னதுக்கு நீங்கள் ஏன் கண்ணைப் பழுதாக்கிறியள்?”

“பத்துப்பேருக்கு முன்னால சொன்னவர்.”

“பத்துப்பேருக்கு முன்னால சொல்லுறதுதான் பகிடி.”

சோறு தின்றேன்.

மார்ச் 27, வெள்ளி

இன்று ஒன்று பிடிபட்டது. கரைவலையில் என் வேலை, மேட்டில் நின்று ஆலாப் பறவைகளைப் பார்ப்பது. ஆலா எங்கே விழுகிறதோ அங்கே மீன், அங்கே வலை வளைக்கச் சொல்லித் துணி வீசுவேன். விழுமுன் ஆலா ஒரு செட்டையை மட்டும் ஒரு கணம் மடக்கும். இருபத்தைந்து வருடம் அதைப் பார்த்த கண். இந்தச் சிவப்புச் சனியனும் அப்படித்தான். இடது செட்டை மடிந்தால் இடப்பக்கம் விழும்.

இவ்வளவு நாளும் நான் பாலத்து மனிதனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனைப் பார்த்து என்ன பிரயோசனம், அவன்தானே சாகப்போகிறவன்.

14,600.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

கோயில் வாசலில் சவிரி பக்கத்தில் வந்து நின்றான். முகம் வேறு பக்கம்.

“எத்தினை?”

“இருபத்தொன்பதாயிரம்.”

“ம்.”

குருத்தோலையில் சிலுவை பின்னி என் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனான். வீடு வரும்வரை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இந்த வயதில் ஒரு விளையாட்டுப் பெட்டிக்காக.

ஏப்ரல் 1, புதன்

53,700.

பின்னேரம் மூன்றே முக்கால். ஏ ஏ ஏக்கு மேலே இடம் விட்டு, மூன்று எழுத்துக் கேட்டது. என் பெயரை இங்கிலீசில் போடப் போய், எஸ் ஏ வி என்று சவிரியின் பெயரைப் போட்டேன். நினைத்துச் செய்தேனா தெரியவில்லை. நாய்க்கு ஒரு முழு மீன்.

சவிரிக்கு போன். “முந்திட்டன்.” அவன் இரண்டுதரம் எண்ணைக் கேட்டான். பிறகு: “ஐயா ஞாயிறு வரேக்க எல்லாரும் வாறம். பாத்தால் பாத்ததுதான்.”

என் போனில் படம் எடுக்க முடியாது. தேவையும் இல்லை என்று நினைத்தேன்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

ஒருசந்தி, ஒரு நேரச் சாப்பாடுதான். ஊர் முழுக்க மூச்சுக்காட்டவில்லை. கோயில் மணியும் இல்லை, மரக்கட்டைதான் தட்டுகிறார்கள். என் தகப்பன் இருந்த காலத்தில் இன்றைக்கு எங்கள் வீட்டில் றேடியோவைச் சீலையால் மூடிக் கட்டுவார்கள், தேங்காய்கூட உடைக்கக்கூடாது.

பன்னிரண்டு மணிக்கு மண்டபத்தால் போனேன். ஆண்டவர் சிலுவையில் தொங்குகிற நேரம், பெட்டி தன்பாட்டில் டிங்கு டிங்கு என்று பாட்டுப் போடுகிறது. கை தானாகப் போய்ச் சுவிச்சை நிப்பாட்டியது. சிலுவை அடையாளம் போட்டுவிட்டுச் சிலுவைப்பாதைக்குப் போனேன்.

ஏப்ரல் 4, சனி

பின்னேரம் சுவிச்சைப் போட்டேன். எழும்பாது என்றார், எழும்பியது. பட்டியல் வந்தது.

ஏ ஏ ஏ 50,000. பீ பீ பீ 40,000. சீ சீ சீ 30,000.

எஸ் ஏ வி இல்லை. எங்குமே இல்லை.

அழித்தது நான்தான், என் கையால். பெட்டி என்ன பாவம் செய்தது, பெரிய வெள்ளி அதற்குத் தெரியுமா.

அரை மணித்தியாலம் கழித்துத்தான் மூளை வேலை செய்தது. நிப்பாட்டினால் அடித்தது அழியும் என்றால், அவர் அடித்தது எப்படி அழியாமல் நிற்கிறது? திரும்ப நிப்பாட்டினேன், திரும்பப் போட்டேன். மூன்று தரம். அதே ஏ ஏ ஏ, அதே ஐம்பதாயிரம். அது ஒருவரும் அடித்ததில்லை. பெட்டி செய்தவன் போட்டு அனுப்பிய எண். ஒருவரும் அடிக்காத எண்ணை முந்துவதற்கு இரண்டு கிழமை நின்றிருக்கிறேன்.

ஏப்ரல் 5, உயிர்ப்பு ஞாயிறு

பூசை முடிந்து சவிரியும் ஆறு பேரும், புதுச் சட்டைகளோடு. அ. இரவு பிந்தி வந்து படுத்தவர், பதினொரு மணிக்கு எழும்பி வந்தார். பட்டியலைப் பார்த்தார், சிரித்தார்.

“இன்னும் நான்தானே மேல?”

நடந்ததைச் சொன்னேன். பெரிய வெள்ளி, சுவிச்சு, எல்லாம். பிறகு: “ஐயா ஒருக்கா விளையாடிக் காட்டுங்கோ.”

பெட்டிக்கு முன்னால் கதிரையில் இருந்தார். முதல் சாம்பல் பறவை, கேடயம். இரண்டாவது, ஆள். மூன்று உயிரும் போக நான் பத்து எண்ணியிருப்பேன். 200. பிடி வழுக்குகிறதாம்.

“சுவிச்சை நிப்பாட்டாதை எண்டு சொன்னனானெல்லோ, தியோகு? அழிச்சது நீ. நான் என்ன செய்ய? வேணுமெண்டால் இப்ப அடி, பாப்பம்.”

அடித்தேன். எட்டுப் பேர் முதுகுக்குப் பின்னால். செட்டை தெரியவில்லை, கண் முழுக்கத் தண்ணீர். 6,200. அ. கைதட்டினார். நல்ல மனுசன்.

றோட்டுக் கேற்றடி வரை சவிரியோடு போனேன். அவன் என் இடுப்பைப் பார்த்தான்.

“மச்சான், அந்தக் கொத்தில கடற்கரைக் கேற்றுச் சாவியும் கிடக்குதா?”

“ஓம்.”

“எப்ப தொட்டு?”

“வேலைக்கு வந்த நாள் தொட்டு.”

அந்தச் சாவியை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு வேலை போய்விடும் என்ற பயம். அவ்வளவுதான். பறவை, பாலம், ஐம்பதாயிரம் எல்லாம் அதற்குப் போட்ட சட்டை. திறக்கவேண்டியவன் நான் என்பதை மறக்க அந்தப் பெட்டி நல்ல உதவி. அ. பொய் சொன்னது ஒருதரம். நான் இரண்டு கிழமை.

ஏப்ரல் 7, செவ்வாய்

கடல் தகடுபோல. காலை ஆறு மணிக்குக் கடற்கரைக் கேற்றைத் திறந்து, காற்றுக்குச் சாத்தாமல் கல் வைத்தேன். றோட்டுக் கேற்றையும். சாவி இலகுவாகத் திரும்பியது, எண்ணெய் போட்டது நான்தானே. அ. மாடியில், நித்திரை.

ஏழு மணிக்கு அவர்கள் வந்தார்கள், பெட்டிகள் நிறையச் சூடை. கேற்றடியில் நின்றார்கள். வாங்கோ என்றேன். இரண்டு பேர் காலை எடுத்து வைத்தார்கள். சவிரி கையால் மறித்தான்.

“பூட்டு மச்சான். உனக்கு வேலை போயிடும்.”

சுற்றியே போனார்கள், ஒன்றரைக் கட்டை.

நான் பூட்டவில்லை. அ. எழும்ப எட்டு மணியாகும். மாடியிலிருந்து முதலில் தெரிவது இந்தக் கேற்றுத்தான்.