கொண்டை வைத்த பாம்பு

என் அருமை அண்ணா,

இல்லை, அந்தப் பாம்பை இன்னும் யாரும் பார்க்கவில்லை. பச்சைமலையிலிருந்து உன் பெட்டியைக் கொண்டுவந்த காட்டிலாகா வாட்சரும் பார்த்ததில்லையாம்.

"சேவல் மாதிரி கொண்டைங்க. பொழுது சாயறப்போ கூவும். பாத்தவன் பொழைச்சதில்லீங்க."

நீ கேட்டிருக்கக்கூடியதை நான் கேட்டேன். "அப்போ கொண்டை இருக்குன்னு யார் வந்து சொன்னா?"

அவர் சிரித்துவிட்டார். "அய்யாவும் இதையேதாங்க கேட்டாரு."

பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார். கடைசி நாள், ஜுர வேகத்தில், நீ "கூவறது, கூவறது" என்றாயாம். மலையில் இப்போது உன்னையும் அந்தக் கதையில் சேர்த்துவிட்டார்கள்.

அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். உன் வருஷாப்திகத்துக்கு, முதல் திவசத்துக்கு, நாள் பார்க்க வந்த வைதீக வாத்தியாரிடம், "ஜுரம் இல்லை, சர்ப்பம்" என்றாள்.

"போன வருஷம் ஜுரம்னேளே மாமி? சர்ப்பம்னா துர்மரணம். அதுக்குத் தனியா பரிகாரம் பண்ணணும்."

"பண்ணிடலாம்."

எனக்குப் புரிந்தது. பாம்பென்றால் விதி. ஜுரமென்றால், உடம்பு கொதிக்க ஸ்ரீரங்கம் வந்து படுத்திருந்த உன்னை, புது வேலை போய்விடுமே என்று மறுபடி மலைக்கு அனுப்பியவள் அவள்.

விட்டுவிடலாமா என்று பார்த்தேன். ஒரு பாம்பு. அம்மாவுக்குத் தூக்கம் வரும். ஆனால் நீ? பார்க்காததைப் பார்த்ததாக ஒருநாளும் சொல்லாதவன்.

அவளை அடுக்களைக்குள் அழைத்துப் போனேன். "ஜுரம்தாம்மா. நீ மட்டுமா அனுப்பினே? பஸ்வரைக்கும் பெட்டியைத் தூக்கிண்டு போனவ நான்."

அம்மா கிணற்றடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவனுக்கு நிஜமாவே கேட்டிருக்குமோடி?"

"தெரியலைம்மா."

முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். "ஜுரம்தான். வழக்கம்போலவே பண்ணுங்கோ."

அண்ணா, அன்று உனக்குக் கேட்டது என்ன? காட்டுக்கோழியா? வெறும் ஜுரமா?

காரியம் முடிந்ததும் மலைக்குப் போகிறேன். பொழுது சாயும் நேரத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து கேட்கிறேன். காதில் விழுந்ததை மட்டும் உனக்குச் சொல்வேன். விழாததைச் சொல்லமாட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். தடுக்கவில்லை. "மலைஜுரத்துக்குக் கொயினா மாத்திரை வாங்கிக்கோ" என்றாள். சற்றுப் பொறுத்து, "எனக்கும் சேர்த்து வாங்கு."

இன்று காலை மாத்திரை வாங்கினேன். மலையடிவாரம் போகும் துறையூர் பஸ்ஸில் இரண்டு இடம் சொல்லிவிட்டு வந்தேன்.

உன் தங்கை
பத்மா