தண்ணீர்மலைக்கு இந்த வருடம் நான் ஏறுகிறேன்

ஜார்ஜ்டவுன், பினாங்கு
17.1.1993

அன்புள்ள குணவதிக்கு,

சின்னம்மா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், லீட்ஸில் பனி கொட்டுகிறதாமே, இரவுப் பணிக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. இங்கே இருவரும் நலம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன், இம்முறை அதை முழுதாக எழுத முடியவில்லை. அப்பாவின் கழுத்தில், மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் இடப்பக்கம் குறுகியிருக்கிறது. பயப்படாதே. நடக்கிறார், சாப்பிடுகிறார், நாளிதழைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு அரசாங்கத்தைக் குறை சொல்கிறார். ஆனால் அப்படியே விடக்கூடாது என்கிறார்கள். நீ மருத்துவமனைத் தாதி, என்னைவிட உனக்குத் தெரியும்.

எப்படித் தெரியவந்தது என்று கேட்பாய். அதைச் சொன்னால் உன்னிடம் சொல்லாமல் இருந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உன் அம்மா காலமானபின் நான் இந்த வீட்டுக்கு வந்த ஏழு வருடத்தில் எதையும் வாய்விட்டுக் கேட்டவள் இல்லை, ஒரு குழந்தை மட்டும் கேட்டேன். ஒன்றரை வருடமாக வைத்தியம் நடக்கிறது. மகளுக்குக் கல்யாணம் பேசுகிற வயதில் இது என்ன என்று சனம் சிரிக்கும் என்று அப்பாவுக்குக் கூச்சம், அதனால் யாரிடமும் சொல்லவில்லை. கருவை வெளியே உருவாக்கி உள்ளே வைக்கிறார்கள், இரண்டு முறை வைத்தும் தங்கவில்லை. டாக்டர் சலேஹா ஓர் ஆராய்ச்சி நடத்துகிறார், கருப்பைக்குப் போகும் குழாய்களில் இரத்தம் எப்படி ஓடுகிறது, அதற்கும் கரு தங்குவதற்கும் தொடர்பு உண்டா என்று ஸ்கேனில் பார்ப்பது. நானும் சேர்ந்தேன். திரையில் என் இரத்தம் சிவப்பும் நீலமுமாக ஓடிற்று. நன்றாக ஓடுகிறது என்றார். பிறகு ஏன் தங்கவில்லை என்றேன், அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

கருவி புதியது, கை பழகுவதற்காக, வெளியே காத்திருக்கும் கணவர்களின் கழுத்தைப் பார்க்கலாமா என்று அன்று கேட்டார். அப்பா மறுத்தார். ஜுருவில் கார் பட்டறை வைத்திருக்கும் தங்கராஜுவும் மனைவியோடு வருபவர், அவர்தான் படுங்கண்ணே, ஃப்ரீ லா, வீட்டுல யாரு நமக்குக் கழுத்தைத் தடவி விடுறாங்க என்று சிரிக்க வைத்துப் படுக்க வைத்தார். ஸ்கேன் பிடித்த பெண் பேசிக்கொண்டே இருந்தவள் பேச்சை நிறுத்தினாள். பிறகு டாக்டரைக் கூப்பிட்டாள். என் குழாயைப் பார்க்கப் போன இடத்தில் அவருடையது தெரிந்தது.

கோலாலம்பூரில் அதற்கான நிபுணரைப் பார்க்க வேண்டும், அதுவரை தோளில் பாரம் கூடாது, மலை ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அப்பா இந்தத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுப்பதாக நேர்த்தி வைத்திருக்கிறார், எனக்குப் பிள்ளை தங்க வேண்டும் என்று. நான் எவ்வளவோ சொன்னேன். பிள்ளைக்கெண்டு வைச்ச நேர்த்தி, தோளில இருந்து இறக்கினா பிள்ளையும் இறங்கிப் போயிடும் என்றார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபின் புத்தகத்தில் படித்ததை வைத்து வாதாட மனம் வரவில்லை. கோயில் குருக்களைப் போய்க் கேட்டேன். வீட்டுக்காரி பால்குடம் எடுத்தாலும் நேர்த்தி நேர்த்திதானம்மா, அவர் அடிவாரத்தில நிக்கட்டும் என்றார்.

மூன்றாவது முறை கரு வைக்கும் நாள் பூசத்தின் அதே வாரத்தில் விழுந்திருந்தது. வைத்தபின் மலை ஏற முடியாது. டாக்டரிடம் இந்த முறை வேண்டாம் என்றேன். யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று இரண்டு தரம் கேட்டார், உங்கள் வயதில் தள்ளிப்போடுவது நல்லதில்லை, ஆராய்ச்சியில் உங்கள் இடத்தையும் வைத்திருக்க முடியாது என்றார். வேறொருத்திக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, பேருந்துக்கு நிற்காமல் வீடுவரை நடந்தே வந்தேன். அப்பாவிடம் டாக்டரே தள்ளிவைத்தார் என்று சொல்லியிருக்கிறேன். அதன்பிறகுதான் காவடிக்குப் பதில் நான் பால்குடம் எடுக்க ஒத்துக்கொண்டார், பூசம் முடிந்ததும் கோலாலம்பூர் வருவதாகவும் சொன்னார். உண்மை தெரிந்தால் அன்றே காவடியைத் திரும்ப எடுத்துவிடுவார். உனக்கு மட்டும் எழுதுகிறேன், உன்னிடமே இருக்கட்டும்.

அவர் நாளைக்கு நாளைக்கு என்று இழுப்பவர் என்பது உனக்குத் தெரியும். என் பேச்சைக் கேட்பார், உன் பேச்சுக்குப் பயப்படுவார். தொலைபேசியில் கூப்பிடும்போது, பூசம் முடிந்ததும் கோலாலம்பூர் போயே ஆகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல். முடிந்தால் அந்த நாட்களில் விடுமுறை எடுத்து வா, உன் அறையைச் சுத்தம் செய்துதான் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. பெட்டியில் உன் அம்மாவின் மஞ்சள் சேலை இருக்கிறது. நீ பிறக்க வேண்டுமென்று பால்குடம் எடுத்தபோது கட்டியது என்று அப்பா ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொட்டதில்லை, நானும் வெயிலில் காயவைத்துத் திரும்ப மடித்து வைப்பதோடு சரி. அதைக் கட்டிக்கொண்டு ஏறலாம் என்று நினைக்கிறேன். எனக்குக் கிடைக்காத பிள்ளைக்காக இல்லை, அவர் உனக்கு அப்பாவாக இன்னும் பல வருடம் இருக்க வேண்டும் என்பதற்காக. நீ சரி என்றால்தான் எடுப்பேன், வேண்டாம் என்றாலும் வருத்தமில்லை, லிட்டில் இந்தியா கடைத்தெருவில் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வேன்.

முருகன் துணையோடு நோய்நொடியின்றி இரு. வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அப்பா பக்கத்தில் இருப்பார், அதனால் சேலையைப் பற்றிப் பேச வேண்டாம். கட்டுங்கள் சின்னம்மா என்று மட்டும் சொல், எனக்குப் புரியும்.

இப்படிக்கு,
உன் சின்னம்மா
கனகேஸ்வரி