உங்கள் முறைத் தண்ணீர்

அக்கா,

இன்று காலை வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. முதல் தண்ணீர் தள்ளிக்கொண்டு வரும் சருகும் பாசியும் கலந்த வாசம் உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும்! "தண்ணிக்கு முன்னால வாசம் வந்துபோடும் அம்மணி" என்பீர்கள். இன்று அது வந்ததும் வாசல் கதவைச் சாத்திக்கொண்டேன்.

போன தடவை தண்ணீர் விட்டபோது என் கிணற்று மோட்டார் எரிந்து கிடந்தது. மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் வாடி நின்றது. வெள்ளகோவிலுக்கு இந்தப் பக்கம் நாமெல்லாம் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர்கள், ஆளுக்கு ஒரு பகல்தான் தண்ணீர் பாய்ச்சும் முறை. என் முறை முடிந்தும் பாதிக் காடுகூட நனையவில்லை. மறுநாள் உங்கள் முறை. நான் வாயைத் திறக்கும் முன்பே நீங்கள் உங்கள் மடையை அடைத்துவிட்டு என் மடையை வெட்டிவிட்டீர்கள்.

"உங்க காடு காயுமேங்க அக்கா" என்றேன்.

"காஞ்சாக் காயுது. அடுத்த தண்ணிக்கு உம்பட முறைய எனக்கு உட்டுரு."

அடுத்த தண்ணீருக்கு நீங்கள் இல்லை. பத்தே நாளில் நெஞ்சுவலி. நடுவீட்டில் கிடத்தியிருந்த உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பொய் அழுகை இல்லை. ஆனால் அந்த அழுகைக்கு நடுவே, 'இனி முறையைத் திருப்பித் தர வேண்டியதில்லை' என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது அக்கா. சட்டென்று உங்கள் காலை விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து பயம்தான். உங்கள் மருமகள் வரப்பில் வந்தாலே பயம். "ஏனுங்க சின்னத்தை, சாப்ட்டீங்களாங்க?" என்பதைத் தவிர அவள் வேறெதுவும் கேட்டதில்லை. நான் முறை பாக்கி வைத்திருப்பது இவளுக்குத் தெரியுமோ என்று பயம். தெரியாதென்றால் வேறு யாருக்குமே தெரியாது, கேட்க ஆளே இல்லை, அது அதைவிடப் பயம்.

இப்போது என் சோளம் கதிர்விட்டு நிற்கிறது. மோட்டாரைச் சரிசெய்தாயிற்று, கிணற்றில்தான் தண்ணீர் இல்லை. இன்று பாயாவிட்டால் மணி பிடிக்காமல் பொக்காகிப் போகும். இன்று என் முறை. என் மடையைத் திறக்கத்தான் மண்வெட்டியோடு போனேன், உங்களிடம் மறைப்பானேன். எதிர் வரப்பில் உங்கள் மருமகள் நின்றிருந்தாள். இன்று சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நின்ற இடம் நீங்கள் நிற்கும் இடம்.

எப்படிச் செய்தேனோ, உங்கள் மடை மண்ணை வெட்டிவிட்டேன். தண்ணீர் உங்கள் தென்னைகளின் பக்கம் திரும்பியது.

"உங்க அத்தைக்கு நான் குடுக்க வேண்டிய முறை கண்ணு இது" என்றேன்.

"தெரியுமுங்க சின்னத்தை. ஆஸ்பத்திரிக்குப் போறப்பவே சொல்லிப்போட்டாங்க. 'நீயாப் போயி கேட்டுராத, அவளே உட்டுருவா'ன்னாங்க."

மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சோளம் என்னவாகுமோ, தெரியவில்லை. அந்தப் பயத்தை எப்படியாவது தள்ளிவிடுவேன். ஆனால் இன்று நான் என் மடையைத் திறந்திருந்தாலும் அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாள் அக்கா. பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பாள். நாளைக்கும் வரப்பில் வந்து நின்று, சாப்பிட்டீங்களா என்று கேட்டிருப்பாள். சாகும்வரை நான் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு இருந்திருப்பேன்.