இசைவாணி போட்ட கூச்சல்

மாதா துணை

திண்டிவனம்
ஜூன் 9

அன்பு மகன் புகழேந்திக்கு அப்பா எழுதுவது. கடவுள் கிருபையில் இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்குக் குறை ஒன்றுமில்லை, உன் தங்கை இசைவாணியும் தொண்டையைத் தவிர மற்ற இடங்களில் சௌக்கியமாக இருக்கிறாள். அங்கே பெர்கனில் நீயும் மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஈர சாக்ஸோடு திரியாமல் இருப்பாய் என்று நம்புகிறோம். வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குத் தபால் போடுகிறான் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டாவது வாக்கியத்தை ஆரம்பித்தாலே உனக்கு நார்வே நாடு முழுக்க சிக்னல் போய்விடுகிறது. முப்பத்துநாலு வருஷம் லைன்மேனாகக் கம்பம் ஏறியவன் நான், லைன் தானாக அறுந்ததா, ஆள் அறுத்ததா என்று எனக்குத் தெரியும். காகிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது, அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

போன மாசம் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நானும் அம்மாவும் மூன்று தடவை கேட்டோம். இசைவாணி மூஞ்சியில் வெள்ளை அடித்துக்கொண்டு கத்துகிற வீடியோவை உனக்குப் பார்த்திருக்கும் பாண்டிச்சேரிப் பெண் வீட்டார் பார்த்துவிட்டார்கள், உனக்கு அசிங்கமாகப் போய்விட்டது, விழுப்புரத்தில் அடுத்த நிகழ்ச்சி நடக்கக் கூடாது, அப்பா நேரில் போய் அவளை இழுத்து வர வேண்டும். இத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னாய், உன் தங்கைக்குக்கூட அவ்வளவு மூச்சு கிடையாது. எனக்கும் அந்தக் கூச்சல் பிடிக்காது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இசைவாணி என்று ஆசையாகப் பேர் வைத்த பிள்ளை, பகலெல்லாம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வருகிறவர்களிடம் வலிக்காதுங்க என்று மெதுவாகப் பேசி ஊசி குத்துகிறவள், சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய் நீ விட்டுவிட்டுப்போன கிதாரை மாட்டிக்கொண்டு அறுபட்ட கோழி மாதிரி அலறுகிறாள். கூட இரண்டு பேர். கோகுலகிருஷ்ணன் என்று ஒருவன், மேம்பாலத்துக்குக் கீழே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், உடைந்த ரேடியோ, பழைய சார்ஜர் எல்லாவற்றையும் ஒரு பலகையில் ஒட்டி, வெடிக்கப் போகிற டிரான்ஸ்பார்மர் போடுகிற சத்தத்தை வேண்டுமென்றே வரவழைக்கிறான், அந்தச் சத்தம் கேட்டால் ஓடுங்கள் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இன்னொருத்தி வானூர் வெண்ணிலா, வாரத்தில் ஆறு நாள் ஜவுளிக் கடையில் புடவை மடிக்கிறாள், ஏழாவது நாள் அந்தக் கோபத்தையெல்லாம் டிரம்ஸ் மேல் காட்டுகிறாள். இது பிளாக் மெட்டல், பங்க், நாய்ஸ் என்று மூன்று ரகப் பாட்டையும் கலந்ததாம். கலப்பதற்கு முன்னால் மூன்றும் தனித்தனியாக நன்றாகத்தான் இருந்ததா என்று கேட்டேன். அண்டர்கிரவுண்டு இசைக்குழு என்று வேறு சொல்லிக்கொள்கிறார்கள், எதிர்வீட்டு முத்துசாமி வாத்தியார் வந்து, மாடியில கத்திக்கினு இருக்கிறத எப்படிங்க அண்டர்கிரவுண்டுன்றது, உண்மையாவே பூமிக்குள்ள போயிட்டா எனக்கும் தூக்கம் வரும் என்றார். முகத்தில் பூசுகிற வெள்ளைக்கு அம்மாவின் வேர்க்குரு லோஷன் இரண்டு பாட்டில் காலி. ஈஸ்டருக்குப் போடுகிற பாஸ்கா நாடகத்தில் பேய் வேஷம் கிடைத்திருக்கிறதாக்கும் என்று அம்மா முதலில் சந்தோஷப்பட்டாள். இந்த பிளாக் மெட்டல் வளர்ந்ததே நீ இருக்கும் ஊர்ப் பக்கம்தானாமே, அந்தக் காலத்தில் அங்கே சில பையன்கள் கோபத்தில் மாதா கோவிலுக்கே நெருப்பு வைத்தார்களாம், கல்லறையில் எல்லாருக்கும் ஒரே வாசல் இருக்கிற ஊரில் அப்படி என்ன கோபம் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

இவர்கள் குழுவின் பேர் பின்கேட்டு. அது மட்டும் எனக்கு உடனே விளங்கியது. போன கார்த்திகையில் உன் சித்தப்பா மண்ணாங்கட்டி செத்தபோது பெட்டியை நம் சொந்த ஊர் வேலங்கரைப்பாக்கத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் இருப்பது உனக்குத் தெரியும், ரோட்டைப் பார்த்த முன்கேட்டு ஊர்த்தெருக்காரர்களுக்கு, ஏரிக்கரையைச் சுற்றிப் போகிற பின்கேட்டு காலனிக்காரர்களான நமக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லாரும் ஒரே பாத்திரத்து அப்பத்தைத்தான் வாங்குகிறோம், செத்த பிறகுதான் ஆளுக்கொரு வழி. அன்றைக்கு ஏரி நிரம்பிப் பின்பாதை முழுக்க முழங்கால் சேறு. முன்கேட்டைத் திறங்கள், சுவர் இடிந்த இடம் வழியாக எங்கள் பக்கம் போய்விடுகிறோம் என்று ஊர்த்தலைவர் சவரிநாதனிடம் கேட்டேன். குடை பிடித்துக்கொண்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, இன்னா அந்தோணி புதுசா பேசற, மழை பேஞ்சா வழக்கம் கரைஞ்சிடுமா என்றார். நான் சரிங்க என்றேன். நீயும் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தாய், பிரச்சன வேணாம்பா, பின்னாடியே ஜல்தி முடிச்சிட்டு வந்துடுங்க என்றாய். எட்டு அடி போவதற்குள் தோள் கொடுத்தவர்களில் ஒருத்தன் வழுக்கிப் பெட்டி சேற்றில் விழுந்து ஒரு பக்கம் பலகை பிளந்துவிட்டது. உன் சித்தப்பாவின் முகத்தில் இருந்த சேற்றைத் துடைத்தது இசைவாணிதான், துப்பட்டாவை ஏரித் தண்ணீரில் நனைத்து நனைத்துத் துடைத்தாள். நீ அதைப் பார்த்திருக்க மாட்டாய், அதற்குள் உனக்கு சிக்னல் போய்விட்டது. அதுவரைக்கும் அவர்கள் குழுவுக்கு ஏதோ நீளமான இங்கிலீஷ் பேர் இருந்தது, மறுவாரமே மாற்றிவிட்டார்கள்.

சரி, விழுப்புரம் கதைக்கு வருகிறேன். நீ சொன்னபடி அவளை இழுத்து வரத்தான் போனேன், அம்மாவும் கூட வந்தாள். இவர்களுக்கு மண்டபம் தர ஒருத்தரும் சம்மதிக்கவில்லை, பைபாஸ் ஓரம் மூடிக்கிடந்த மரம் அறுக்கும் மில்லின் தகரக் கொட்டகை, மத்தியானம் மூன்று மணி, கத்திரி வெயில். அதற்குள் நாற்பது பிள்ளைகள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள், கறுப்பு சூட்டை இழுக்கும் என்று அவர்கள் படித்த பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. மேடையில் மூன்று பேர் முகத்திலும் லோஷன் வேர்வையில் வழிந்து கழுத்துக்கு வந்துவிட்டது, பயமுறுத்த வந்தவர்களைப் பார்த்தால் பாதி வெள்ளையடித்து நிறுத்திய சுவர் மாதிரி இருந்தது. முதல் பாட்டு தொடங்கியதும் கீழே இருந்த பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துத் தள்ள ஆரம்பித்தார்கள். சண்டை என்று நினைத்து நான் விலக்கிவிடப் போனேன், மறு நிமிஷம் மரத்தூளில் மல்லாக்க விழுந்து கிடந்தேன். நாலைந்து பேர் உடனே இடிப்பதை நிறுத்தி என்னைத் தூக்கி நிறுத்தி, அடி எதுனா பட்டுச்சா அங்கிள் என்று முதுகைத் தட்டிவிட்டு, ஒரு பெண் பிள்ளை மோர்ப் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு, மறுபடியும் போய் இடித்துக்கொண்டார்கள். வேலங்கரைப்பாக்கத்தில் பெட்டி விழுந்தபோது ஊர்த்தெரு ஆட்கள் முப்பது பேர் நின்று பார்த்தார்கள், ஒருத்தர் கையும் நீளவில்லை. அப்புறம் இசைவாணி மைக்கில், இது எங்க சித்தப்பாவுக்கு என்று மட்டும் சொன்னாள். அந்தப் பாட்டு இரண்டு நிமிஷம்கூட இல்லை. கோகுலின் பலகை ஊளையிட்டது, வெண்ணிலா அடித்த அடியில் தகரம் அதிர்ந்தது, கடைசியில் எல்லாம் நின்றுபோய் அவள் குரல் மட்டும் தொற, தொற, தொற என்று கத்திக்கொண்டே இருந்தது, தொண்டை கிழிந்து சத்தம் வராமல் போன பிறகும் வாய் அசைந்தது. காதைப் பொத்திக்கொண்டிருந்த அம்மா எப்போது கையை எடுத்தாள் என்று தெரியவில்லை. நான் இழுத்து வர வந்தவன் என்பதையே மறந்து நின்றேன்.

அதற்குள் சவரிநாதனின் மருமகன் இரண்டு ஆட்களோடும் ஒரு போலீஸ்காரரோடும் வந்துவிட்டார். இதே பாட்டு இருக்கிற அந்தப் பழைய வீடியோவைப் பார்த்து, ஊரைக் கேவலப்படுத்துகிறார்கள் என்று புகார் கொடுத்திருக்கிறார்கள். எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போனோம். எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர், வீடியோவை மேசைமேல் வைத்து மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார், நான்காவது தடவை காதில் விரலை விட்டுக்கொண்டார். இதுல ஒரு எழுத்துகூடப் புரியலையே சார், உங்கள இன்னான்னு திட்டறாங்கன்னு புகார் குடுக்கறீங்க என்று மருமகனைக் கேட்டார். அவர் கூட வந்த இரண்டு ஆட்களையும் திரும்பிப் பார்த்தார், என்ன திட்டு என்று சொன்னால் என்ன செய்தோம் என்றும் சொல்ல வேண்டுமே. எஸ்.ஐ. என் பக்கம் திரும்பி, பெரியவரே, இது வெறும் சத்தம், யாருக்கும் அர்த்தம் புரியாதுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் பொண்ணக் கூட்டிக்கினு போங்க என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். கோகுல், எழுதிடலாம் அங்கிள், பேஜாரு வேணாம் என்றான். இசைவாணிக்குப் பேச்சே வரவில்லை, காற்றுதான் வந்தது, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக வெறும் சத்தம் வெறும் சத்தம் என்று அவளிடம் தினமும் சொன்னவன் நான்தான், அதையே எழுத்தில் கேட்கிறார்கள், பேனாவையும் கையில் கொடுத்துவிட்டார்கள். எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை புகழ், இல்லிங்க சார், எனக்கு ஒரு வார்த்தை விடாம புரிஞ்சிச்சி என்று சொல்லிவிட்டேன். எழுந்து நின்று அந்தப் பாட்டைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். மழையில வந்தாரு எங்க சித்தப்பா, முழங்கால் சேத்துல நாலு பேரு தோளு, முன்கேட்டுச் சாவி யாரு இடுப்புல, கேட்டத் தொற. அவ்வளவுதான் பாட்டு. மருமகனுக்குப் பொறுக்கவில்லை, எங்க கேட்ட நாங்க ஏன் சார் தொறக்கணும், இவங்க பொணம் எந்தக் காலத்துல அந்தப் பக்கமா போயிருக்கு என்று கத்தினார். அவர் கத்தியது மட்டும் எல்லாருக்கும் தெளிவாகப் புரிந்தது. எஸ்.ஐ. தன் சட்டைப்பையிலிருந்த பேனாவைத் திறந்து, இப்ப சொன்னீங்களே சார், இத அப்படியே எழுதிக்கட்டுமா என்று கேட்டார். ஐந்து நிமிஷத்தில் புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வெள்ளைத்தாள் மேசைமேல் சும்மா கிடந்தது, பேனா என் கையில் இருந்தது, உட்கார்ந்து நான் ஒரு புகார் எழுதினேன்.

அது இப்போது சப் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போய், ஜூலை கடைசியில் விசாரணை வைத்திருக்கிறார்கள். முன்கேட்டைத் திறக்கச் சொல்கிற மனுவில் காலனியில் பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு பேர் மறுநாளே பயந்து தங்கள் பேரை அடித்துவிட்டுப் போனார்கள். பங்குச்சாமியார் வீடு தேடி வந்து, வெளியில போவாம பேசித் தீத்துக்கலாமே என்றார். தாராளமாப் பேசலாம் சாமி, சாவிய எடுத்துக்கினு வரச் சொல்லுங்க என்றேன், டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். சவரிநாதன் முன்கேட்டுக்கு இரண்டாவது பூட்டு வாங்கி மாட்டியிருக்கிறார். இசைவாணி இரண்டு வாரம் பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அம்மா மிளகுப் பால் காய்ச்சிக் கொடுக்கிறாள், இவள் நோட்டில் எழுதி எழுதிக் காட்டியே சண்டை போடுகிறாள். எனக்கு இன்னும் அந்தப் பாட்டு பிடிக்கவில்லை, அதையும் அவளிடம் சொன்னேன், உங்களுக்குப் பிடிக்கறதுக்கா பாடறேன் என்று எழுதிக் காட்டினாள்.

கடைசியாக உன் அசிங்கத்துக்கு வருகிறேன். உன்னால் முகம் காட்ட முடியாமல் போயிற்றே என்று நானே பாண்டிச்சேரிக்குப் போன் போட்டு, பெண்ணின் அப்பா கிருஷ்ணராஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், நாங்க ஒன்னும் தப்பா கேக்கலிங்களே, எம் பொண்ணு கலைப்பிரியாதான் வீடியோவப் பாத்துட்டு இது யாருன்னு கேட்டா, யாரோ தூரத்துச் சொந்தம்னு உங்க புள்ள சொன்னாரே என்றார். ஏசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்று தடவை மறுதலித்தார், நீ ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டாய், அந்த மட்டுக்கும் சந்தோஷம். இதை இசைவாணியிடம் நானும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்ல மாட்டாள். கலைப்பிரியா இப்போது இவளோடு நேராகவே மெசேஜில் பேசிக்கொள்கிறாள், எத்தனை நாளைக்கு மறைத்துவைக்க முடியும் என்று நீயே யோசித்துக்கொள்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன், மனுவில் சேர்க்கிற கையெழுத்துத் தாள். என் பேர், அம்மா பேர், இசைவாணி பேர், நாலாவதாக உன் பேர், உன்னைக் கேட்காமலே நான்தான் எழுதினேன். பேருக்கு நேரே கையெழுத்துப் போட்டு ஜூலை இருபதுக்குள் வந்து சேருகிற மாதிரி அனுப்பு. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, ராத்திரி ஜெபத்தை விடாதே, அம்மா கடலை வறுத்துப் பிடித்து அனுப்பிய மல்லாட்டை உருண்டை பார்சல் வந்ததா என்று சொல். மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாற்றட்டும், உனக்கு நல்ல வாழ்வு அமையட்டும். கையெழுத்துப் போட மனசில்லை என்றாலும் தாளைத் திருப்பி அனுப்பிவிடு, அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு மனுவோடு சேர்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ம. அந்தோணிசாமி