ஷமீமின் படங்களும் என் பென்டிரைவும்

வியாழன் இரவு

கணினி கிளம்பவில்லை என்றதும் எல்லாவற்றையும் அழித்துவிட ஏன் இவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கிறோம்?

எங்கள் தாவரவியல் துறைக் கணினி திங்களன்று படுத்துவிட்டது. என்னோடு வேலை பார்க்கும் ஷமீம் ஒன்பது வருஷமாக மலையில் எடுத்த செடிப் படங்கள் அதில்தான் இருந்தன. வேறு நகல் இல்லை. "எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மேட் பண்ணாதான் சரியாவும் மேடம்" என்றார் பழுது பார்ப்பவர். ஷமீமும் தலையாட்டிவிட்டாள். நான்தான் அவகாசம் கேட்டேன்.

நேற்று வீட்டில் ஒரே பென்டிரைவில் நான்கு மீட்பு மென்பொருள் கருவிகளை ஏற்றினேன். செருகினால் கணினியை எதைக் கொண்டு கிளப்புவது என்று பட்டியல் காட்டும். என் மடிக்கணினியில் காட்டியது. இன்று துறையில் மூன்று முறை செருகியும் காட்டவில்லை.

"விடுங்கக்கா, போனது போச்சு" என்றாள் ஷமீம்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். கணினியின் முன்பக்கத் துளைக்குள் காய்ந்த சந்தனம். ஆயுத பூஜையன்று பூசியது நானேதான்.

"சாமி நம்பிக்கை இல்லாதவங்க பூசினா இப்படித்தான்க்கா!" என்றாள் ஷமீம்.

பின்பக்கத் துளையில் செருகினேன். பட்டியல் வந்தது. முதல் கருவி கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. இரண்டாவதில் எல்லா ஃபோல்டர்களும் தெரிந்தன. ஷமீம் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பஸ்ஸில் வீடு வரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

வெள்ளி

படங்கள் முழுதும் இரண்டு டிஸ்க்குகளில் ஏறிவிட்டன. ஒன்றை ஷமீம் என் பையில் போட்டாள். "இது உங்க பீரோவுல இருக்கட்டும்க்கா. என்னை நம்பாதீங்க."